பதினாறாவது கோலி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை என் மனத்தில் பிறக்கவில்லை. என் கால்சட்டையின் மடிப்பில் பிறந்தது.

சென்ற ஆண்டு ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துவைக்கப் போடுவதற்காக விடுதிச் சமையலறைக் கால்சட்டையை உதறினேன். கீழ்மடிப்பிலிருந்து ஒரு நீலக் கோலி விழுந்து, குளியலறைத் தரையில் மூன்று முறை குதித்து, வடிகால் ஓட்டைக்கு ஒரு விரல் முன்னால், யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோல் நின்றது. கண்ணாடிக் கோலி. உள்ளே வெள்ளையாக ஒரு சுருள். எங்கள் பள்ளத்தாக்கின் மூடுபனியில் ஒரு சொட்டை எடுத்து ஊற்றி மூடியதுபோல இருந்தது.

யாருடையதென்று பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. மூன்று நாள் முன்பு, வியாழக்கிழமை, ரோப்காரின் மேல்நிலையத்துக் காத்திருப்பு அறையில் நான்கு பேர் அதைத் தேடினார்கள். நானும் முட்டிபோட்டுத் தேடினேன். "இங்க இல்ல" என்று உரக்கச் சொன்னதும் நான்தான். தேடுகிறவனின் காலிலேயே தேடும் பொருள் தொங்கிக்கொண்டிருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று கேட்பீர்கள். அடுத்த வியாழன் கொடுக்கத்தான் எடுத்துக்கொண்டு போனேன். ஆனால் அதன் குழியில் வேறொன்று உட்கார்ந்திருந்தது. அப்புறம் அடுத்த வியாழன். அப்புறம் அதற்கடுத்தது. திருட்டு என்று சொல்லாதீர்கள். தாமதம். பத்தொன்பது மாதத் தாமதம்.

2

தொடக்கங்கள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

ஒன்று: "மூடுபனிக்கு மேலே ஓர் ஊர் இருந்தது." (அடித்துவிட்டேன். இப்படித் தொடங்கினால் அடுத்த வரியில் ஓர் இளவரசி வந்தே தீர வேண்டும். பௌலாவுக்கு அறுபத்தொரு வயது, நகக்கண்ணில் கிரீஸ்.)

இரண்டு: "முப்பத்திரண்டு வருஷமாக ஊர்க்காரர்களையெல்லாம் பொத்தானை அழுத்திக் கீழே அனுப்பிவந்த பௌலா கிஸ்லருக்கு, ஒரே ஓர் ஆளை மட்டும் அனுப்ப மனமில்லாமல்" (இதோடு நிறுத்திவிட்டேன். முதல் வரியிலேயே மனத்தைத் திறந்து காட்டுகிற பெண்ணில்லை அவள். தெரிந்தால் என் முகத்தில் முழிக்கமாட்டாள்.)

மூன்று: "மேசையைச் சுற்றி நான்கு பேரும், ஓரத்து பெஞ்சில் ஒரு சமையல்காரனும்..." (சமையல்காரனை எடுத்துவிட்டேன். பேரிக்காய் ரொட்டி வெட்டிக்கொடுப்பதைத் தவிர இந்தக் கதையில் அவனுக்கு என்ன வேலை? போய் வெங்காயம் உரி.)

ஆக, தொடக்கம் இல்லாமலேயே தொடங்குகிறேன்.

3

ஆட்டத்தின் பெயர் டாக். பெயரை நம்பி நாயைத் தேட வேண்டாம். தாயம் ஆடியவர்களுக்குச் சட்டென்று விளங்கிவிடும். மரப்பலகை, சுற்றிலும் குழிகள், ஆளுக்கு நான்கு கோலி, மொத்தம் பதினாறு. ஒரு சுற்றுச் சுற்றி வீடு சேர்ந்தால் பழம். தாயக்கட்டைக்குப் பதிலாகச் சீட்டு. சீட்டில் எத்தனையோ அத்தனை குழி முன்னே போக வேண்டும். நாலு விழுந்தால் மட்டும் பின்னாலும் வரலாம். எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு கட்சி. தன் காய் நான்கும் பழமாகிவிட்டது என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாது. கூட்டாளியின் காயைத் தள்ள வேண்டும். இருவரும் வீடு சேர்ந்தால்தான் வெற்றி.

எனக்கு இந்த ஆட்டத்தில் பிடித்தது ஒன்றுதான். ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால், கையிலிருக்கும் சீட்டுகளில் ஒன்றைக் கவிழ்த்துக் கூட்டாளிப் பக்கம் தள்ள வேண்டும். அவரும் ஒன்றைத் தள்ளுவார். அவர் தந்ததைப் பார்த்துவிட்டு உங்களுடையதைத் தரக்கூடாது. பேசக்கூடாது. ஜாடை கூடாது. பெர்னடெட் இருமலைக்கூட விடமாட்டாள்.

பெர்னடெட் யாரென்றால், வீஸியின் மனைவி. வீஸி யாரென்றால், பதினெட்டு ஆடுகளின் சொந்தக்காரர், நேர்மையற்ற ஆட்டக்காரர். தோற்கும் நிலையில் ஒருமுறை "தூசி தட்டுறேன்" என்று கைக்குட்டையால் பலகையைத் துடைத்து, எல்லாக் காய்களையும் இடம் மாற்றிவிட்டார். அன்றைக்கே விதி போட்டாள் பெர்னடெட். பாதியில் நின்ற ஆட்டத்தைக் கலைக்கக்கூடாது. காய்களோடு பலகையைத் தூக்கிச் சாவி அலமாரியின் மேலே வைக்க வேண்டும். அடுத்த வியாழன் அதே நான்கு பேர் வந்து முடிக்க வேண்டும். மாற்று ஆள் செல்லாது. ஊரில் இதற்கு வீஸி சட்டம் என்று பெயர்.

இவர்களுக்கு எதிர்க்கட்சி, பௌலாவும் காரியும். பௌலா ரோப்காரை ஓட்டுகிறவள். மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை கீழிருந்து யாராவது மணியடித்தால்தான் கூண்டு ஓடும். அந்த இரண்டு மணிநேரம்தான் ஆட்டம். காரி, கூரை வேய்ந்து ஓய்ந்தவர். மனைவியை இழந்து வெகுகாலம் ஆகிறது.*

* கார்ல் என்ற பெயரை இந்த வட்டாரத்தில் காரி என்பார்கள். கடையெழு வள்ளல்களில் ஒருவர் பெயரை வைத்துக்கொண்டு என் எதிரே காபி குடிக்கிறீர்கள் என்று அவரிடம் ஒருமுறை சொன்னேன். "அவரு என்ன குடுத்தாரு?" என்றார். குதிரை என்றேன். "நம்மகிட்ட சீட்டுதான் இருக்கு" என்றார். உண்மை. இருபது வருஷமாக ஒவ்வொரு சுற்றிலும் தன் கையிலிருக்கும் மிக நல்ல சீட்டைத்தான் பௌலாவுக்குத் தள்ளினார். தனக்கு வைத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

4

நீலக் கோலி தொலைந்த அன்று பெர்னடெட் கையை உயர்த்திச் சொன்னாள். "பதினாறு காய் இல்லாம ஆட்டம் இல்ல. தூக்கி மேல வைங்க."

காரி சட்டைப் பையில் கைவிட்டார். அவர் வீட்டுக்குப் பின்னால் ஹேசல் கொட்டைப் புதர் இருக்கிறது. எந்த மாதம் தட்டினாலும் அவர் பையில் நாலைந்து கொட்டை சலசலக்கும். ஒன்றை எடுத்து, தகரக் குவளையிலிருந்த நீலப் பேனாவால் அதன் நெற்றியில் ஒரு பொட்டு வைத்து, பௌலாவின் காலிக் குழியில் உட்காரவைத்தார்.

"இது உருளுமா?" என்றார் வீஸி.

"உன் மூளை அளவுக்கு உருளும்."

"அப்ப நகரவே நகராது," என்றாள் பெர்னடெட்.

அன்று முதல் பௌலா அந்தக் கொட்டையைத்தான் கடைசிவரை வெளியில் வைத்திருந்து மற்ற மூன்றையும் வீடு சேர்த்தாள். தந்திரம் என்று நினைத்தார் வீஸி. நான் (இந்தக் கதையில் இல்லாத நான்) வேறு மாதிரி நினைத்தேன். கையில் கோலியோடு வந்தவன், கொடுக்காமல் திரும்பிப் போனது அதனால்தான்.

5

செப்டம்பரில் காரி சொன்னார். மேசையில் அல்ல; கூண்டிலிருந்து இறங்கும்போது, கம்பியைப் பிடித்துக்கொண்டு, முட்டியைத் தடவியபடி.

"மக கூப்புடுறா. விண்டர்தூர் டவுன்ல, தரைத்தளத்துல ஒரு வீடு பாத்திருக்காளாம். படியே கிடையாதாம்."

"நல்லதுதான்," என்றாள் பௌலா.

"நவம்பர் கடைசி வியாழன் வந்து கூட்டிட்டுப் போறேங்குறா."

"வியாழனா? அப்ப ஆட்டம் முடிச்சிட்டு நாலரை வண்டியில போ."

"சரி."

பேச்சு அவ்வளவுதான். பௌலா உள்ளே போய் எண்ணெய்க் குப்பியை எடுத்து, ஏற்கெனவே எண்ணெய் போட்ட சக்கரத்துக்கு மறுபடியும் எண்ணெய் போட்டாள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இருபது வருஷம் எதிரெதிரே உட்கார்ந்தவள், "போகாதே" என்று ஒரு சொல் சொல்லமாட்டாளா? நம்பும்படி இல்லையே என்று இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். பிறகு புரிந்தது. கூட்டாளியிடம் பேசக்கூடாது என்பது ஆட்ட விதி. இருபது வருஷம் விதியைக் காத்தவர்களுக்கு அது மேசையிலிருந்து இறங்கி, கூடவே நடந்து, வாசல்படி வரைக்கும் வந்துவிடும் போலிருக்கிறது. அந்த இருவருக்கும் சீட்டுதான் வாய்.)

6

அந்த வியாழன் கீழே பள்ளத்தாக்கு முழுக்க மூடுபனி நிரம்பிக் கிடந்தது. மேலே நல்ல வெயில். நிலையத்திலிருந்து கிளம்பும் வடம் கொஞ்ச தூரம் ஒளியில் போய், பிறகு வெண்மைக்குள் இறங்கி மறைந்துவிடும். அதற்குக் கீழே ஒரு கீழ்நிலையம், வாகன நிறுத்தம், காரில் காத்திருக்கும் ஒரு மகள் எல்லாம் உண்டு என்பது ஒரு நம்பிக்கைதான். ஆட்டுமணிச் சத்தம் எங்கிருந்தோ வந்தது. பனிக்கு அடியிலிருந்து வருவதுபோல, ஊர் ஒன்று மூழ்கிக் கிடந்து அதன் ஆடுகள் இன்னும் மேய்வதுபோல.

பௌலாவுக்கு ஆட்டத்தில் கவனம் நிற்கவில்லை. பலகையின் குழிகளைப் பார்த்தால் மலையில் நட்ட வடக்கம்பங்களாகத் தெரிந்தன. கோலிகள் கூண்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன மனிதர் உட்கார்ந்து ஜன்னல் வழியே அவளைப் பார்த்துக் கையசைக்கிறார். எங்கே போகிறீர்கள் என்று கேட்டால், வீட்டுக்கு என்கிறார்கள். எந்த வீடு என்று கேட்பதற்குள் கண்ணாடிக்குள் வெள்ளைச் சுருள் படர்ந்து முகத்தை மூடிவிடுகிறது...

"தாயே, தூங்கிட்டீங்களா?" வீஸி. "உங்க ஆட்டம்."

கதவோரம் காரியின் பெட்டி. அதன்மேல், துணியில் சுற்றிய கூரைச் சுத்தியல். மணி மூன்றே முக்கால்.

நிலவரம் இது. காரியின் மஞ்சள் நான்கும் பழம். பௌலாவின் நீலம் மூன்றும் பழம். கொட்டை மட்டும் வீட்டு வாசலில் நிற்கிறது. சரியாக மூன்று விழுந்தால் உள்ளே போய்விடும். அந்தப் பக்கம் வீஸி முடித்துவிட்டார். பெர்னடெட்டுக்கு ஒரே காய், அதுவும் வாசலில். யார் ஜெயித்தாலும் ஆட்டம் இன்னும் இரண்டு நிமிஷம்தான். கடைசிச் சுற்று. ஆளுக்கு இரண்டே சீட்டு.

பௌலாவின் கையில் ஒரு ஒன்பது, ஒரு நாலு.

அவள் நாலைக் கவிழ்த்து எதிரே தள்ளினாள்.

வாசலில் நிற்கும் கொட்டைக்கு நாலால் என்ன பயன்? ஒன்றுமில்லை. பின்னால் வரலாம், அவ்வளவுதான். பதினாறு காயில் எதையும் பின்னால் அழைக்கத் தேவையில்லாத நேரத்தில், இருபது வருஷத்தில் முதல்முறையாக, கூட்டாளிக்கு உதவாத சீட்டைத் தந்தாள். அவளால் சொல்ல முடிந்ததெல்லாம் அதுதான்.

அதே நேரம் காரியின் சீட்டும் வந்து சேர்ந்தது. திருப்பினாள்.

மூன்று.

7

இங்கே நான் நான்கு நாள் நின்றேன். மூன்றைத் தந்தால் என்ன அர்த்தம்? தானே வைத்திருந்து தானே முடித்திருக்கலாம். "முடித்துவிடு, நான் கிளம்ப வேண்டும்" என்கிறாரா? அல்லது "முடிப்பதா வேண்டாமா, உன் கையில் விடுகிறேன்" என்கிறாரா? அல்லது வழக்கம்போல் கையிலிருந்த நல்ல சீட்டைத் தந்தாரா, பாவம், கூரை வேய்கிற மனிதர், நான்தான் பொடிப்பொடியாக்கிப் பார்க்கிறேனா? எனக்குத் தெரியவில்லை. பௌலாவுக்கும் தெரியவில்லை.

ஆகவே முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

முடிவு அ: பௌலா மூன்றைப் போட்டாள். ஜெயித்தார்கள். கைகுலுக்கினார்கள். "காரி, நீ போகாதே" என்றாள். (சொல்லமாட்டாள். ஐந்து முறை எழுதினேன். ஐந்து முறையும் அவள் வாய்க்குள் என் குரல்தான் கேட்டது.)

முடிவு ஆ: நாலரை மணிக் கூண்டில் காரி ஏறினார். பௌலா பச்சைப் பொத்தானை அழுத்தினாள். கூண்டு வெயிலைத் தாண்டி வெண்மைக்குள் இறங்கியதும், சிவப்பை அழுத்தினாள். கூண்டு நின்றது. மேலும் இல்லை, கீழும் இல்லை, கண்ணாடிக்கு வெளியே பால். அறையில் தொலைபேசி ஒலித்தது.

"பௌலா, நின்னு போச்சு."

"தெரியும்."

"கோளாறா?"

"இல்ல."

கூண்டு மெல்ல ஆடும் சத்தம் குழாயில் கேட்டது. வடத்தில் காற்று முனகியது. இருவரும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பனி அவரைச் சுற்றி ஒரு கோலியாக உருண்டு திரண்டது, அதற்குள்

(இதற்குமேல் எழுதக்கூடாது. இந்த முடிவில்தான் எனக்கு ஆசை அதிகம். ஆனால் பயணி உள்ளே இருக்கும்போது காரணமில்லாமல் சிவப்பை அழுத்தினால் பௌலாவின் உரிமத்தைப் பறித்துவிடுவார்கள். ஆய்வாளருக்குத் தமிழ் தெரியாது என்றாலும் பௌலாவுக்கு மனசாட்சி இருக்கிறது.)

முடிவு இ: நடந்தது.

8

பௌலா மூன்றை மேசைமேல் வைத்தாள், முகம் மேலே தெரியும்படி. கொட்டையை இரண்டு விரலால் எடுத்தாள். வீடு வரைக்கும் கொண்டுபோவாள் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, கை பலகையைத் தாண்டி மேலே போயிற்று. வாயில் போட்டாள். கடவாயில் வைத்துக் கடித்தாள்.

அந்தச் சத்தம்! சக்கரத்தில் கல் விழுந்ததோ என்று காரிகூடத் திரும்பிப் பார்த்தார்.

"யம்மா!" வீஸி எழுந்தே விட்டார். "காயைத் தின்னுட்டா! பெர்னி, இவ காயைத் தின்னுட்டா!"

"கண்ணு இருக்குயா எனக்கு. உக்காரு."

"நான் தூசி தட்டுனதுக்கு ஒரு சட்டம் போட்டீங்க, இதுக்கு என்ன சட்டம்? தூக்குல போடுங்க!"

பௌலா மென்றாள். இரண்டு குளிர்காலம் கண்ட கொட்டை. உள்ளே பருப்பு சுருங்கி, மாவாகப் போயிருந்தது. ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாக நாக்கால் தள்ளி உள்ளங்கையில் துப்பினாள். ஒரு துண்டில் நீலப் பொட்டு பாதி இருந்தது.

"பல்லு இருக்கா?" என்றார் காரி.

"இருக்கு."

"ருசி?"

"கசப்பு."

பெர்னடெட் விதித்தாளைப் பிரித்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றி, முன்னும் பின்னும் படித்தாள். தின்பதைப் பற்றி எதுவும் இல்லை. தான் சொன்ன வாக்கியத்தைத் தானே விழுங்க அவளால் முடியாது. "பதினாறு காய் இல்லாம ஆட்டம் இல்ல," என்றாள், சங்கடத்தோடு. "வேற ஒண்ணு வெச்சு முடிக்கலாம். காரி, உன் பையில கொட்டை இருக்குமே?"

எல்லோரும் காரியைப் பார்த்தார்கள். பௌலா மட்டும் பார்க்கவில்லை; உள்ளங்கையிலிருந்த ஓட்டுச் சில்லுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

காரியின் இடது கையில் அந்த நாலு இன்னும் இருந்தது. அதை ஒருமுறை பார்த்தார். வலது கையைச் சட்டைப் பைக்குள் விட்டார். துழாவினார். நிறைய நேரம் துழாவினார்.

"இல்ல," என்றார். "ஒண்ணும் இல்ல."

அப்போது அவர் பைக்குள் கொட்டையோடு கொட்டை உரசும் சத்தம் எனக்குக் கேட்டது.

ஆம், எனக்கு. வெங்காயம் உரிக்க அனுப்பிய சமையல்காரன் போகவே இல்லை. ஓரத்து பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். அவன் கையும் பையில்தான் இருந்தது. விரல்களுக்கு நடுவே நீலக் கோலி. "இதோ இருக்கு, தொலைஞ்சுபோன காய்" என்று எடுத்து வைத்திருந்தால் அரை நிமிஷத்தில் ஆட்டம் முடிந்திருக்கும். அந்த அறையில் அன்று மதியம் இரண்டு கைகள், இரண்டு பைகளுக்குள் பொய் சொல்லிக்கொண்டிருந்தன.

"அப்ப வீஸி சட்டம்," என்றார் காரி. எழுந்து, முட்டி நடுங்க, பலகையை அவரே தூக்கிச் சாவி அலமாரியின் மேல் வைத்தார். ஒரு கோலிகூட அசையவில்லை. "அதே நாலு பேரு வந்துதான் முடிக்கணும். சட்டம்னா சட்டம்."

"என் பேர்ல இருக்குற சட்டம்!" என்றார் வீஸி பெருமையாக.

நாலரை மணிக்குப் பெட்டியோடும் சுத்தியலோடும் காரி கூண்டில் ஏறினார். நாலைச் சீட்டுக்கட்டில் திருப்பி வைக்கவில்லை என்பதைப் பெர்னடெட் அப்புறம்தான் எண்ணிக் கண்டுபிடித்தாள். பௌலா பச்சையை அழுத்தினாள். நிறுத்தவில்லை. கூண்டு வெயிலில் சின்னதாகி, வெண்மையைத் தொட்டு, உள்ளே போயிற்று. வடம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடும் பக்கம் ஒன்று, திரும்பி வரும் பக்கம் ஒன்று.

9

இதை எழுதிக்கொண்டிருப்பது அடுத்த வியாழன். மணி இரண்டு ஐந்து. காத்திருப்பு அறை, ஓரத்து பெஞ்ச். வீஸியும் பெர்னடெட்டும் வந்தாயிற்று. பலகையை இறக்கி வைத்தாயிற்று. பதினைந்து கோலி, ஒரு காலிக் குழி.

"வருவான்னு நெனைக்குறியா?" வீஸி கிசுகிசுக்கிறார்.

"வாயை மூடு," என்கிறாள் பெர்னடெட்.

பௌலா பொத்தான் பலகைக்கு முன்னால் முதுகு காட்டி நிற்கிறாள். இன்றைக்கும் கீழே பனி.

இதோ, கீழிருந்து மணி அடிக்கிறது. யாரோ ஏற வேண்டுமாம். தபால்காரராக இருக்கலாம். மலையேற வந்த யாராவதாக இருக்கலாம். பௌலா தொலைபேசியை எடுத்து யாரென்று கேட்கலாம். விதிப்படி கேட்கவும் வேண்டும். கேட்கவில்லை. கட்டைவிரலைப் பச்சையின்மேல் வைத்து அழுத்துகிறாள். வடம் அசைகிறது.

கூண்டு பனியைவிட்டு வெளியே வர ஆறு நிமிஷம். அதற்குள் எனக்கொரு வேலை இருக்கிறது.

கூண்டில் காரி இருந்தால், அவர் பையில் கொட்டை இருக்கும். அவர் எடுத்து வைப்பதும் வைக்காததும் அவர் பாடு. ஆனால் உண்மையான பதினாறாவது காய் என்னிடம் இருக்கிறது. அதைக் குழியில் வைத்தால் ஆட்டம் முடியும், எல்லோரும் வீடு சேர்வார்கள், காரிக்கு இங்கே வர எந்தச் சட்டமும் மிச்சமிருக்காது. வைக்காவிட்டால் நான் இன்னும் எத்தனை வியாழன் பொய்யனாக உட்கார்ந்திருப்பது? எழுதுகிறவன் இதை முடிவு செய்தால், பழையபடி என் குரல்தான் கேட்கும். என் காய்கள் எல்லாம் பழமாகிவிட்டன, கையில் சீட்டும் இல்லை. மீதியை ஆட வேண்டியது கூட்டாளி.

இத்தனை நேரமும் என் எதிரே உட்கார்ந்திருந்தது நீங்கள்தானே.

மேசைக்கு அடியில் கையை நீட்டுங்கள். மெதுவாக, பெர்னடெட் பார்க்கிறாள். கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும். பத்தொன்பது மாதமாகப் பையிலேயே இருந்தது. உள்ளே வெள்ளைச் சுருள் தெரிகிறதா? சரி. விரலை மூடிக்கொள்ளுங்கள்.

ஒன்றும் சொல்ல வேண்டாம். புருவத்தைத் தூக்க வேண்டாம். கூண்டு வருகிறது.